எண்ணெய் வந்த வழி

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வாசலில் நின்றபடியே தன் வலது செருப்பைக் கழற்றி அதன் அடிப்பாகத்தைத் தையல்காரிக்குக் காட்டினார். கறுப்பாக, பிசுபிசுவென்று எண்ணெய் அப்பியிருந்தது. "காலையில மாடி வீட்டு அம்மா வழுக்கி விழப் பார்த்தாங்க. உங்க கார் நிக்கிற எடத்துலேர்ந்து கேட்டு வரைக்கும் கோலம் போட்டிருக்கு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லேன்னா எங்கயாவது அனுப்பிடுங்க. நான் ஒருத்தன் எத்தனை பேருக்குப் பதில் சொல்றது?" உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். செயலாளர் படியிறங்கிய பிறகு, "அனுப்பிடு. இனிமே யாருக்கு வேணும் அது," என்றார்.

அவர் பேருந்து ஓட்டியவர். பார்வை ஓரங்களிலிருந்து மெல்ல மெல்ல உள்வாங்கி, நடுவில் ஒரு காசளவு வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்த நாளில் பணிமனை மருத்துவர் அவரை ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கினார். பிறகு அந்தக் காசும் போனது. அன்றிலிருந்து அவர் கட்டிலுக்கும் ஜன்னலோர நாற்காலிக்கும் நடுவே வாழ்ந்தார். மகள் தொலைபேசியில் கூப்பிட்டால் "நல்லா இருக்கேன்மா" என்பதோடு சரி. கீழே அந்த இளநீலக் கார் தூசி மூடி நின்றது. பேட்டரி செத்துவிடக்கூடாது என்று தையல்காரி மட்டும் அவ்வப்போது போய்ச் சாவியைத் திருகி, சற்று நேரம் ஓடவிட்டு, முற்றத்திலேயே முன்னும் பின்னுமாக நகர்த்திவிட்டு வருவாள்.

கல்யாணமான புதிதில் அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார்கள். விடுமுறை நாளில் அவர் வேறெங்கும் போகமாட்டார். பேனட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொள்வார். நாளெல்லாம் பேருந்து ஓட்டிவிட்டு வந்த மனுஷனுக்கு இதில் என்ன இன்பம் என்று அவளுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் கண்டுபிடித்தாள்: வீட்டுக்குள் வாயே திறக்காத ஆள், காருக்கு அடியில் படுத்துக்கொண்டால் பேசுவார். தன் அப்பாவைப் பற்றி, சின்ன வயதில் ஓடிப்போனது பற்றி, அவளைப் பெண் பார்க்க வந்த அன்று பயத்தில் கைக்குட்டையைக் கடித்துக் கிழித்தது பற்றி எல்லாம் அவருடைய இரண்டு பாதங்களைப் பார்த்துக்கொண்டுதான் அவள் தெரிந்துகொண்டாள். டார்ச் பிடிப்பது அவள் வேலை. கதை கேட்கும் சுவாரசியத்தில் கை தளர்ந்து வெளிச்சம் திரும்பிவிடும். "கண்ணுல அடிக்காத தாயே, நட்டுல அடி," என்று அடியிலிருந்து குரல் வரும். பின் சீட்டுக்கு அவள்தான் உறை தைத்தாள். அதில் படுத்துத் தூங்கியே மகள் வளர்ந்தாள்.

மறுநாள் பட்டறைக்காரர் ஒருவரை அழைத்து வந்தாள். அவர் குனிந்து பார்த்தார். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. "பின்னாடி சீல் போச்சும்மா. இன்ஜினயே இறக்கணும். இந்த மாடலுக்குச் சாமான் கெடைக்கிறதே கஷ்டம். பழைய இரும்புக்குப் போட்டுட்டு நிம்மதியா இருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். மேலே வந்து கணவரிடம் அப்படியே ஒப்பித்தாள். அவர் சுவர்ப்பக்கம் இருந்த முகத்தைத் திருப்பினார். பிறகு கேட்டார்: "எந்த எண்ணெய்னு பார்த்தானா?"

"எண்ணெய்ல என்ன எந்த எண்ணெய்?"

"தொட்டு எடுத்துட்டு வா."

ஒரு துணித் துண்டில் தோய்த்துக் கொண்டுவந்தாள். அவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்து, முகர்ந்து, மறுபடியும் தேய்த்தார். "கியர்பாக்ஸ் எண்ணெயா இருந்தா நாத்தம் மூக்கத் தொளைக்கும். இது இன்ஜினோடதுதான். ஆனா சொட்டுற எடம் வேற, கசியுற எடம் வேற. எண்ணெய் மேலேர்ந்து எங்க வேணும்னாலும் வழிஞ்சு வரும். கீழ பார்த்து முடிவு பண்ணக்கூடாது." சொல்லிவிட்டு எழுந்து நின்றார். "என் சட்டை எங்க?"

அவள் தோளில் கை வைத்து அவர் படியிறங்கினார். அந்தக் கை கனமாக இருந்தது. ஒவ்வொரு படியிலும் அவர் தயங்குவது தோளில் தெரிந்தது. மாடி வீட்டு அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். கார் பக்கத்தில் வந்ததும் அவர் கையை எடுத்துக்கொண்டார். பேனட்டின் கொக்கியை அவர் விரல்கள் தேடவே இல்லை. நேராகப் போய் அங்கேயே நின்றன.

முதலில் குளிப்பாட்ட வேண்டும் என்றார். மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்து அவள் இன்ஜினைத் தேய்த்தாள். பல வருட அழுக்கு பாளம் பாளமாகக் கழன்றது. காய்ந்த பிறகு ஏதாவது வெள்ளைப் பொடி தூவ வேண்டும், கசிவு அதில் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். முகப்பவுடர் இருந்தது. ஆனால் அவளுக்கு வேறொன்று தோன்றியது. தையல் மேசை இழுப்பறையில் துணியில் குறி போடும் சாக்கட்டியின் உடைந்த துண்டுகள் நிறையக் கிடந்தன. அவற்றை இடித்து, மெல்லிய துணியில் சலித்து எடுத்துவந்து இன்ஜின்மீது தூவினாள். "என்ன வாசனையே இல்ல?" என்றார். "உங்க வண்டிக்கு அலங்காரம் பண்ற அளவுக்கு எனக்கு இன்னும் மனசு வரல," என்றாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தவள், யோசிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

இன்ஜின் ஓடிச் சூடேறியது. இன்ஜினின் பின்பக்கம் சீட்டுப் பக்கத்துத் தடுப்புத் தகட்டோடு ஒட்டினாற்போல் இருந்ததால் கண்ணுக்கு எட்டவில்லை. கைக்கண்ணாடியை இடுக்கில் நுழைத்தாள். இருட்டாக இருந்தது. டார்ச்சை எரியவிட்டு அவர் கையில் கொடுத்து, மணிக்கட்டைப் பிடித்துத் திசை காட்டினாள். "இப்படியே வச்சிருங்க." வைத்திருந்தார். சற்று நேரத்தில் கை இறங்கியது.

"கண்ணுல அடிக்காதீங்க," என்றாள் அனிச்சையாக.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. "நட்டுல அடிக்கிறேன் தாயே," என்றார் அவர், டார்ச்சை மறுபடி தூக்கியபடி.

கண்ணாடியில் தெரிந்துவிட்டது. இன்ஜினின் உச்சியில் இருக்கும் வால்வு மூடியின் பின் மூலையிலிருந்து வெள்ளைப் பொடியை நனைத்துக்கொண்டு ஒரு கறுப்புக் கோடு மெல்ல இறங்கி, இன்ஜினின் முதுகு வழியாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. பார்த்ததைச் சொன்னாள். அவர் உடனே சந்தோஷப்படவில்லை. "எண்ணெய் ஊத்துற மூடியத் திறந்து மேல கைய வை. காத்து தள்ளுதா?" தள்ளியது, உள்ளே யாரோ மூச்சு வாங்குவதுபோல. "அதான். மூச்சுக்குழாய் அடைச்சிருக்கு. உள்ள முட்டுற காத்து எண்ணெய வெளிய துரத்துது." குழாயைக் கழற்றி நீளக் கம்பியால் குத்தினாள். கோந்துபோல் ஒரு கறுப்புக் கட்டி வந்து விழுந்தது.

வால்வு மூடியை மேலே கொண்டுபோய்த் துணி வெட்டும் மேசையில் கவிழ்த்தார்கள். எண்ணெய் கசியாமலிருக்க அதன் விளிம்பில் வைத்திருந்த பேக்கிங் காய்ந்து அப்பளமாக நொறுங்கியது. எந்தக் கடையிலும் அந்த அளவு கிடைக்கவில்லை. கார்க் தகடு வாங்கிவந்தாள். நொறுங்கிய துண்டுகளை அதன்மேல் அடுக்கி, சாக்கட்டியால் சுற்றி வரைந்து, ரவிக்கைக் கழுத்து வெட்டுவதுபோல ஒரே மூச்சில் வெட்டினாள். அவர் மூடியின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிக்கொண்டே வந்து, பின் மூலையில் நின்றார். "இங்க வளைஞ்சிருக்கு. நாந்தான் ஒருதடவ கசியுதுன்னு போட்டு இறுக்கினேன்." மரக்கட்டையை அண்டக் கொடுத்து அவள் தட்ட, அவர் தடவிப் பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்றார். மாட்டும்போது அவளிடம் ஸ்பானரைக் கொடுத்துவிட்டு, அவள் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டார். "போதும். கார்க் நசுங்கக்கூடாது. உக்காந்தா போதும்."

மறுபடி பொடி தூவி ஓடவிட்டபோது பின் மூலை வெள்ளையாகவே இருந்தது. செயலாளர் எட்டிப் பார்த்து, "நின்னுடுச்சா?" என்றார்.

"நின்ன வண்டியில நின்னதெல்லாம் கணக்கில்ல சார். ரோட்ல ஓடிச் சூடாகணும். அப்பதான் தெரியும்," என்றார் அவள் கணவர். ஓட்டுவது யார் என்பதை இருவருமே அதுவரை பேசவில்லை. அவளிடம் லைசென்ஸ் இருந்தது. அவர் பிடிவாதத்தால் எடுத்ததுதான். ஆனால் கேட்டைத் தாண்டி அந்தக் காரை அவள் ஓட்டியதே இல்லை. அவர் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் தடவித் திறந்து, அவளுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் உட்கார்ந்ததும் சாத்திவிட்டு, பேனட்டைத் தொட்டபடியே சுற்றி மறுபக்கம் வந்து ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை, சாலை காலியாக இருந்தது. முதல் வளைவில் வண்டி குலுங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேட்டில் இன்ஜின் முனகியபோதும் சொல்லவில்லை. அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் ஜன்னலைத் தாழ்த்திவிட்டுக் காற்றுக்கு முகத்தைக் கொடுத்திருந்தார். கீழே, மிதி எதுவும் இல்லாத வெறும் தரையில், அவள் கிளட்ச்சை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அவருடைய இடது பாதமும் மெல்ல அழுந்தி, அவள் விடும்போது எழுந்தது.