வலது கால் சாக்ஸ்

தொண்ணூத்தி நாலுல நடந்தது. இப்ப நெனச்சாலும் எனக்கு வயிறு எரியுது.

எங்க வீட்டுக்காரர் மாரிஸு, பிரிக்பீல்ட்ஸ்ல ரயில்வே வேல. ஒருநாள் நெஞ்சடைச்சு விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியில மெஷின்ல போட்டுட்டாங்க. இதயம், நுரையீரல் ரெண்டு வேலையும் அதுதான் செய்யுமாம். வலது தொடை இடுக்குல பெரிய டியூபா விட்டு வச்சிருந்தாங்க.

ஏர்கோன் அப்படி ஒரு குளிரு. மனுஷன் மயக்கத்துல கெடக்குறாரு, குளிருதுன்னு கூட சொல்ல முடியாது. நான்தான் கேமரன் மலையில வாங்குன கம்பளி சாக்ஸ ரெண்டு காலுக்கும் மாட்டி விட்டேன். நர்ஸ் மிஸ்ஸி கூட, "நல்லது ஆன்டி"ன்னு சிரிச்சா. அதுக்கப்புறம் ஒருத்தரும் அத கழட்டல. மணிக்கொருதரம் வருவாங்க, மெஷின பாப்பாங்க, பேப்பர்ல நம்பர் எழுதுவாங்க, போயிடுவாங்க.

மறுநாள் மத்தியானம் தம்புசாமி அண்ணன் பாக்க வந்தாரு. இவரோட ஒண்ணா வேல செஞ்சவரு. ரயிலு நின்னதும் சக்கரத்துக்குப் பக்கத்துல புறங்கைய வச்சு, எது சூடாயிருக்குன்னு பாக்குற வேல. அதே பழக்கத்துல இவரு காலையும் ரெண்டு பக்கமும் தொட்டுப் பாத்தாரு. மூஞ்சியே மாறிடுச்சு.

"தங்கச்சி, இடது சரி. வலது, பாசார்ல ஐஸ்ல போட்ட மீன் மாதிரி இருக்கு."

"வாய கழுவுங்கண்ணே!"

"என்னைய அப்புறம் திட்டு லா. மொதல்ல சாக்ஸ கழட்டு."

கழட்டுனேன். மாதாவே! வெரலெல்லாம் ஊதா. பாதம் மெழுகா வெளுத்துப் போயிருக்கு.

டாக்டரு ஓடி வந்தாரு. டியூப் ரத்தத்த அடைச்சிடுச்சுன்னு மிஸ்ஸிகிட்ட சொன்னாரு. எங்கிட்ட மொத கேள்வி, "யாரு சாக்ஸ் போட்டது?"

எனக்கு வந்துச்சே கோவம்! "நான்தான் போட்டேன். நான் என்ன டாக்டருக்கா படிச்சேன்? அந்த டியூப் காலுக்குப் போற ரத்தத்த அடைக்கும்னு ஒங்களுக்குத் தெரியும்ல? மெஷினுக்கு இருபது கட்டம் போட்டு எழுதுறீங்களே, காலுக்கு ஒரு கட்டம் இருக்கா?"

அவரு பேப்பர பாத்தாரு. இல்ல.

அப்புறம்தான் அவசரம் அவசரமா, அந்த டியூபுக்குக் கீழ சின்னதா இன்னொரு டியூப் விட்டு காலுக்கு ரத்தம் அனுப்புனாங்க. கால் தப்பிச்சுது. ரெண்டு வெரலு போச்சு.

வீட்டுக்கு வர்ற அன்னிக்கி அதே டாக்டரு சொல்றாரு, "லக்கி ஆன்டி, ரெண்டு வெரலோட போச்சு."

லக்கியாம்! "ரயிலு சக்கரத்த தொட்டுப் பாக்கக்கூட ஆளு வச்சிருக்காங்க டாக்டர். எம்புருஷன் கால தொட்டுப் பாக்க பிரிக்பீல்ட்ஸ்லேருந்து ஆளு வரணுமா?"ன்னு கேட்டேன். அந்த வலது கால் சாக்ஸ எடுத்து அவரு கோட்டு பாக்கெட்டுல சொருகிட்டு வந்துட்டேன். கைய விடும்போதெல்லாம் தட்டுப்படட்டும்.