பேக்கரி இருந்த இடத்திலிருந்து

எவரிஸ்தோவுக்கு மன்னிப்புக் கேட்க வராது. வந்திருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். வராததால் மகளை மனாகுவா நகரம் முழுக்க நடக்கவிட்டான்.

மகள் யாஹைரா எட்டு வயதில் அம்மாவோடு கோஸ்டா ரிக்கா போனவள். இப்போது பத்தொன்பது. பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்து, சித்தி வீட்டில் மூன்று நாள் தங்கியிருந்தாள். கடைசி நாள், பகல் பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு முன்னால் அப்பாவைப் பார்க்கச் சம்மதித்தாள். வீட்டுக்கு வா என்று சொல்லக் கூச்சப்பட்டு, எவரிஸ்தோ ஒரு புதையல் வேட்டை எழுதிச் சித்தியிடம் கொடுத்தனுப்பினான். ஒரு தாள், மூன்று குறிப்பு. முதல் இரண்டு இடத்திலும் மஞ்சள் ரிப்பன் கட்டியிருக்கும்; இரண்டாவது, ஒரு பழைய பேக்கரி இருந்த மூலை. மூன்றாவது இடம் அவன் வீட்டு வாசல். மனாகுவாவில் கதவு எண் கிடையாது; இடிந்துபோன கட்டடத்திலிருந்துகூடத் தெருவை எண்ணித்தான் அட்ரஸ் சொல்வார்கள். அங்கே அவனே நிற்பான், கையில் பிஸ்கட் டப்பாவோடு. உள்ளே, பதினோரு பிறந்தநாளுக்கு வாங்கி, அனுப்ப முகமில்லாமல் வைத்துக்கொண்ட பதினோரு சாமான். ஒன்பது வயதுக்கு ஒரு ஹேர்கிளிப். பதினைந்துக்கு ஒரு ஜோடித் தோடு, அதில் ஒன்று தொலைந்துவிட்டது.

பதினோரு மணிக்குள் இரண்டு ரிப்பனின் படமும் போனில் வந்துவிட்டது. எவரிஸ்தோ சட்டையை மூன்றாம் முறை மாற்றினான்.

"யோவ் எவரிஸ்தோ," என்றாள் எதிரில் ஐஸ் சீவி விற்கும் மெல்பா. "டப்பாவுல யாரோட அஸ்தி?"

"என் பொண்ணு வர்றா. பேக்கரி இருந்த எடத்துலருந்து."

"அவ அந்தப் பேக்கரியப் பாத்திருக்காளா?"

"நானே பாத்ததில்ல. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே பூகம்பத்துல போயிருச்சு."

பதினொன்றரைக்குப் போன் அடித்தது.

"இன்னும் எவ்வளவு ஏறணும்?" யாஹைராவுக்கு மூச்சு வாங்கியது.

"ஏறுறியா? எதுக்கும்மா ஏறுற?"

"நீங்கதானே எழுதியிருக்கீங்க? பேக்கரி இருந்த இடத்துலருந்து ஒரு தெரு ஏரிப்பக்கம், ஆறு தெரு மேலேன்னு. ஆறு தெரு ஏறி, தப்போன்னு இன்னும் ஆறு ஏறிட்டேன். இங்கேருந்து ஏரி முழுசாத் தெரியுது."

மனாகுவாவில் மேலே என்றால் சூரியன் ஏறும் பக்கம், கீழே என்றால் இறங்கும் பக்கம். மேற்கே மேலத்தெரு, கிழக்கே கீழத்தெரு என்று நேர்மாறாகப் பழகிய நமக்கே இது குழப்பம் என்றால், வேறு ஊரில் வளர்ந்த பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் மேட்டைப் பார்த்து ஏறியிருக்கிறாள்.

"அது அந்த மேலே இல்லம்மா."

"வேற எந்த மேலே? மேப்புல தேடினா அந்தப் பேக்கரியே இல்ல."

"இல்லதான். இருந்ததுன்னுதானே எழுதியிருக்கேன்? சரி, சூரியன் வர்ற பக்கமாத் திரும்பு. சூரியன் எங்க இருக்கு?"

"தலைக்கு நேரா."

எவரிஸ்தோ அண்ணாந்து பார்த்தான். ஆமாம், தலைக்கு நேராகத்தான் இருந்தது.

"அங்கேயே நில்லு, நான் வர்றேன்."

"நேரமில்லைங்க. நான் பஸ் ஸ்டாண்டுக்கு டாக்ஸி புடிக்கிறேன். முடிஞ்சா அங்க வாங்க."

டப்பாவைக் கட்டிக்கொண்டு அவனும் ஒரு டாக்ஸியில் பாய்ந்தான். மனாகுவா டாக்ஸி வழியில் கை காட்டுகிறவர்களை விட்டுவிட்டுப் போகாது. மாங்காய்க் கூடையோடு ஒரு அம்மா ஏறினாள். கூடையை மடியில் வைப்பதா, டிக்கியில் வைப்பதா என்று இரண்டு நிமிடம் போயிற்று. பன்னிரண்டு அடித்து மூன்று நிமிடத்தில் போன் வந்தது.

"பஸ் கெளம்பிடுச்சு," என்றாள் யாஹைரா.

அவன் டப்பாவைப் பார்த்தான்.

"புதையல் என்ன?" என்று கேட்டாள்.

"சும்மா. சில்லறைச் சாமான்."

அவள் பையில் பேனா தேடும் சத்தம். பிறகு, "டிசம்பர்ல வர்றேன். உங்க வீட்டு அட்ரஸ் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

எவரிஸ்தோவுக்கு இருந்தது ஒரே அட்ரஸ்தான்.

"எழுதிக்கோ. பேக்கரி இருந்த எடத்துலருந்து..."

"எந்தப் பேக்கரி? நீங்க ஏறின எடத்துக்குக் கீழே, மூலையில இருந்ததா?" என்றான் டிரைவர்.

"அந்த மூலையில இருந்தது மருந்துக்கடைப்பா," என்றாள் மாங்காய் அம்மா. "பேக்கரி அதுக்கு ஒரு தெரு கீழே."

"அட போம்மா, எங்கப்பா ரொட்டி வாங்கினதே அந்த மூலையிலதான்!"

"உங்கப்பா வாங்கினது இருமல் மருந்தா இருக்கும்."

"கொஞ்சம் வாயை மூடுங்க, என் பொண்ணு பேசறா!"

"யாரு அங்க சண்டை?" என்றாள் யாஹைரா.

"என் அட்ரஸ்தான்."

அவள் சிரித்த மாதிரி இருந்தது. பஸ் குலுங்கியதாகவும் இருக்கலாம். "ஆறு தெரு மேலே. அது தெரியும். மேலேன்னா எந்தப் பக்கம்?"

அவன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினான். போனில் கை தெரியாது என்று உறைக்கச் சற்று நேரமாயிற்று. வெளியே எந்த மரத்துக்கும் எந்தப் பக்கமும் நிழல் இல்லை.

"காலையில வா," என்றான். "காலையில வந்தா தெரியும்."

பதிலுக்குப் பஸ்ஸின் இரைச்சல் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

மாங்காய் அம்மா முழங்கையால் மெல்ல இடித்தாள். "எழுதிக்கிட்டாளா?"

"தெரியலம்மா," என்றான் எவரிஸ்தோ.