கண்ணாடியை உயர்த்திய ஞாயிற்றுக்கிழமை

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அன்று நடந்ததைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

என்னுடையது நெடும்பயணத்துக்கென்று செய்த கனமான மோட்டார் சைக்கிள். இரண்டு சிலிண்டர், இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றைத் தடுக்க ஒரு கண்ணாடி, பின்னால் உட்காருபவர் சாய்ந்துகொள்ள மெத்தை வைத்த தாங்கி. குயிலாப்பாளையத்தில் குடியிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் ஊருக்குத் திரும்பியபோது அவரிடம் வாங்கினேன். விழுப்புரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நயினார் வீட்டு ஆளுக்கு இது எதற்கு என்று தெருவில் கேட்காதவர் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் எண்பதைத் தாண்டினால் கைப்பிடி உதறும். தொண்ணூறில் காற்று ஹெல்மெட்டை மொத்த ஆரம்பிக்கும். ஒரு தகர டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு, வெளியிலிருந்து யாரோ தட்டுவதுபோல் இருக்கும். அந்தச் சத்தம் பொறுக்காமல் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

மெதுவாகப் போகக் கூடாதா என்று கேட்கலாம். போகும்போது மெதுவாகத்தான் போவோம். திரும்பும்போது முடியாது. நாங்கள் சமணர்கள்; எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடும் வழக்கம் இல்லை. திண்டிவனத்திலிருந்து கிளம்பத் தாமதமானால், சூரியனோடு போட்டி போட்டுக்கொண்டு விழுப்புரம் வந்து சேரவேண்டும். இல்லாவிட்டால் பட்டினி.

ஞாயிறுதோறும் திண்டிவனம் போவது என் மனைவியின் தம்பி தர்மேஷுக்காக. அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி டயாலிசிஸில் இருந்தான். மாற்றுச் சிறுநீரகம் வைக்கவேண்டும் என்று பேச்சு. அவன் மனைவி ப்ரியங்கா கொடுப்பதாக ஆரம்பத்தில் சொன்னார்கள். என் மனைவி ஞானமதி அவர்களோடு அடிக்கடி பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். துணைக்குப் போகிறாள் என்று நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிறு காலையில் ஞானமதியைத் தர்மேஷ் வீட்டில் இறக்கிவிட்டு, திண்டிவனத்திலேயே மரக்காணம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ரஞ்சித்திடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். உதறலையும் சத்தத்தையும் இன்றோடு ஒழிக்கவேண்டும் என்றேன். என்னை ஒரு சுற்று ஓட்டச் சொல்லிவிட்டு, அவன் வேறொரு வண்டியில் பைபாஸ் வரைக்கும் பின்னாலேயே வந்தான். திரும்பி வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“சார், பூம்பூம் மாடு தோத்துச்சி போங்க. தலைய இப்படி ஆட்டிக்கினே போறீங்க!”

“நான் எங்க ஆட்டினேன்?”

“நீங்க ஆட்டல சார், காத்து ஆட்டுது. அந்த வெள்ளைக்காரன் இன்னா ஹைட்டு?”

“ஆறடிக்கு மேல.”

“அதான் பேஜாரு. இந்தக் கண்ணாடி மேல ஏறி வர்ற காத்து அவன் நெஞ்சுல அடிச்சிருக்கும். நீங்க அஞ்சரை அடி. உங்களுக்கு நேரா மண்டையில அடிக்குது. கண்ணாடிய ரெண்டு ஓட்டை மேல ஏத்தி, கொஞ்சம் சாய்ச்சி மாட்டினா தலைக்கு மேல போயிடும்.”

உதறலுக்குக் காரணம் ஹேண்டில் தண்டுக்குள் இருக்கும் கோன் பேரிங் தேய்ந்துபோனது என்றான். அதோடு நான் எப்போதும் இடது பெட்டியிலேயே அரிசியும் காய்கறியும் திணிப்பதால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. பெட்டியைத் தாங்கும் ரப்பர் நைந்து போய்விட்டது. கடகடவென்று கேட்பது அதுதான்.

“சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க. அப்படியே ஒரு புளூடூத் செட்டு வாங்கி ரெண்டு ஹெல்மெட்லயும் மாட்டிடலாம் சார். நீங்களும் அக்காவும் பேசிக்கினே போலாம்.”

“பேசறதுக்கு என்னப்பா இருக்கு? எதுவா இருந்தாலும் வீட்ல பேசிக்கலாம்” என்றேன்.

மத்தியானம் தர்மேஷ் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு எழுந்தபோது அவன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். பேச வாயைத் திறந்தவனுக்கு அழுகைதான் வந்தது.

“மாமா, உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல.”

வாராவாரம் கொண்டுவரும் அரிசிக்கும் பீர்க்கங்காய்க்கும் சொல்கிறான் என்று நினைத்தேன். “விடு தர்மேஷ். இதெல்லாம் ஒரு விஷயமா? இதுக்குப் போய் கண் கலங்குவியா?” என்று அவன் தோளில் தட்டினேன். ப்ரியங்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். ஞானமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் பார்த்தது போன்ற ஒரு பார்வை. பீர்க்கங்காய்க்கு இத்தனை மரியாதையா என்று எனக்கே கூச்சமாகிவிட்டது.

ஐந்தே முக்காலுக்கு வண்டியை எடுத்தோம். பஞ்சு வைக்கவில்லை. வைக்கத் தேவையும் இருக்கவில்லை. தொண்ணூறில் போகிறோம், கைப்பிடி கல்லில் நட்டதுபோல் நிற்கிறது. காற்று தலைக்கு மேலே எங்கேயோ போகிறது. டயர் தாரில் உருளும் சத்தம் கேட்டது. பக்கத்தில் போன லாரியில் கட்டியிருந்த தார்ப்பாய் படபடப்பது கேட்டது. இந்த வண்டிக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பின்னால் ஞானமதியின் முணுமுணுப்பு வழக்கம்போல் ஆரம்பித்தது. வண்டியில் உட்கார்ந்தால் அவள் ஏதோ சொல்லிக்கொண்டே வருவாள். வேகத்துக்குப் பயந்து பஞ்ச மந்திரம் சொல்கிறாள் என்றே நான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். அன்று அது சொல்சொல்லாகக் காதில் விழுந்தது.

“என்னங்க, வியாழக்கிழமைக்குக் கடையில யார உட்கார வெக்கப் போறீங்க?”

“வியாழக்கிழமை என்ன?” என்றேன்.

“அய்யோ, இன்னிக்கி வாயத் தொறந்து பேசுறீங்க!” என்று சிரித்தாள்.

“வியாழக்கிழமை என்னன்னு கேட்டேன்.”

“விளையாடாதீங்க. ஆஸ்பத்திரி கமிட்டியில நம்ம ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசுவாங்கன்னு போன வாரம் சொன்னேனே. நீங்க சம்மதம்னு கையெழுத்துப் போட்டாத்தான் எங்கிட்டேருந்து எடுப்பாங்க.”

“எத எடுப்பாங்க?”

“கிட்னியத்தான்.”

கூட்டேரிப்பட்டு மேம்பாலத்தில் இறங்கிக்கொண்டிருந்தோம். எப்படி ஓரம் கட்டினேன் என்று தெரியவில்லை. ஸ்டாண்டு போட மறந்து இறங்கப் பார்த்தேன். அத்தனை கனமும் சாய்ந்தது. ஞானமதி குதித்து இறங்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக அதை நிமிர்த்தி நிறுத்தினோம்.

“யாரோட கிட்னி?”

“என்னங்க இது? என்னோடதுதான். ப்ரியங்காவுக்கு சுகர் இருக்கு, அவ குடுக்க முடியாதுன்னு சொன்னேன். எனக்கும் தம்பிக்கும் பொருந்துதான்னு பாக்கட்டுமான்னு கேட்டேன். சரின்னீங்க.”

“நானா?”

“நீங்கதான். ஒரு தடவைக்கு மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் தலையாட்டினீங்க. அத்தைக்குத் தெரிஞ்சா ஒத்துக்கமாட்டாங்க, அதனால வீட்ல இதப் பத்திப் பேசவே வேணாம், எதுவா இருந்தாலும் வண்டியிலயே பேசிக்கலாம்னு சொன்னேன். அதுக்கும் ஆட்டினீங்க.”

என் அம்மாவைத்தான் அவள் அத்தை என்கிறாள். ஆறு மாதமாக வீட்டில் ஒரு வார்த்தை இதைப் பற்றி எழாததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. ரோட்டோரத் தடுப்பில் சாய்ந்துகொண்டேன்.

“ஞானம், எனக்கு எதுவுமே கேக்கல. ஒரு வார்த்தை கேக்கல. காதுல பஞ்சு. தலைய ஆட்டினது நானில்ல, காத்து.”

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. கோபம் வந்தது.

“இப்ப பயம் வந்துடுச்சா? கையெழுத்துப் போடற நேரத்துல கேக்கலைன்றீங்களா? மத்தியானம் அவன் கையப் புடிச்சப்ப, இதெல்லாம் ஒரு விஷயமான்னு சொன்னது யாரு? அதுவும் காத்தா?”

“அது பீர்க்கங்காய்க்குச் சொன்னேன்.”

“என்னது?”

“பீர்க்கங்காய்க்கு.”

அவள் நம்பவில்லை. நான் அவள் இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். வேறு வழி தெரியாமல் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்து, ரஞ்சித் உயர்த்தி வைத்த கண்ணாடியின் நான்கு திருகையும் கழற்றி, பழைய ஓட்டைகளில் இறக்கி மாட்டினேன். ஒரு திருகு இரண்டு முறை கீழே விழுந்தது. அவள்தான் தேடி எடுத்துக் கொடுத்தாள். கைக்குட்டையைக் கிழித்துக் காதில் அடைத்துக்கொண்டேன்.

“உக்காரு. தொண்ணூறுல போறேன். நான் எதுக்கு ஒத்துக்கவே மாட்டேனோ அதக் கேளு. தலையப் பாரு.”

ஏறினாள். ஓட்டினேன். பழைய மொத்தல், பழைய தகர டப்பா. கோன் மாற்றியிருந்ததால் வண்டி உதறவில்லை; தலை மட்டும் தன்பாட்டுக்குப் போய்வந்தது. பின்னால் முணுமுணுப்பு கேட்டது. அவ்வளவுதான் கேட்டது. கொஞ்ச தூரத்தில் என் முதுகில் பலமாகத் தட்டினாள். ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன்.

இறங்கிய ஞானமதி சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

“என்ன கேட்ட?”

“இந்த வண்டிய நாளைக்கே வித்துடலாமான்னு கேட்டேன். ஆட்டினீங்க. உங்க அம்மாவ ஒரேயடியா உங்க தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடலாமான்னு கேட்டேன். அதுக்கும் ஆட்டினீங்க.”

“அப்புறம்?”

“ஆபரேஷன்ல எனக்கு ஏதாவது ஆயிட்டா இன்னொருத்தியக் கட்டிக்குவீங்களான்னு கேட்டேன்.” சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. “அதுக்குத்தான் ரொம்ப நல்லா ஆட்டினீங்க.”

அவள் மரத்தின் வேரில் உட்கார்ந்தாள். நான் எதிரே நின்றேன். ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

“அப்ப ஆறு மாசமா காத்தா எனக்கு சரி சொல்லிக்கினு இருந்துச்சு?” என்றாள். “ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் எப்படிப் போனேன் தெரியுமா? அந்தக் குழாய் மாதிரி மிஷினுக்குள்ள படுக்க வெச்சப்போ மூச்சு அடைச்சுது. எந்திரிச்சு ஓடிடலாம்னு இருந்துச்சு. அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசலையே, நமக்கென்ன பயம்னு படுத்துக்கினு இருந்தேன். நீங்க கூட இருக்கீங்கன்னு நெனச்சேங்க. நான் தனியா போயிருக்கேன்.”

எனக்கு வந்ததெல்லாம் கேள்விகள்தான்.

“எந்தப் பக்கத்துது எடுப்பாங்க?”

“இடது. பேரணி தாண்டும்போது சொன்னேன்.”

“எத்தனை நாள் படுக்கணும்?”

“ஒரு வாரம்ன்றாங்க. அத விக்கிரவாண்டி டோல்கேட்டுகிட்ட சொன்னேன். மூணு மாசம் கனம் தூக்கக் கூடாது, அதையும் அங்கதான் சொன்னேன்.”

“இருக்கிற ஒண்ணுக்குப் பின்னால ஏதாவது வந்தா?”

ஞானமதி தரையைப் பார்த்தாள். “அத எங்கயும் சொல்லல. அத உங்க முதுகுகிட்டகூட சொல்ல முடியல.”

வேண்டாம் என்ற வார்த்தை என் நாக்கிலேயே இருந்தது. சொல்லியும் விட்டேன். “வேணாம் ஞானம்” என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சுலபமாக வெளியே வந்தது என்று திகைத்தேன்.

அவள் கோபப்படவில்லை. “சரி. இதுதான் நீங்க சொல்ற மொத பதில்” என்றாள். “கையெழுத்து உங்களுது. நீங்க போடலைன்னா நான் குடுக்க முடியாது. தர்மேஷுக்கு போன் பண்ணி நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன்.”

போனை எடுத்தேன். அவன் பெயரையும் கண்டுபிடித்தேன். மத்தியானம் என் கைகளைப் பிடித்திருந்த அவன் கைகள் நினைவுக்கு வந்தன. வெயில் காலத்திலும் ஜில்லென்றிருந்தன. அழுத்த முடியாமல், வெறுமனே மேலே வைத்திருந்தான். முப்பத்தைந்து வயதுக்காரனின் பிடியா அது? ஒரு விரல் அமுக்கினால் போதும், அவனுக்கு அழைப்பு போய்விடும். அமுக்க முடியவில்லை.

“பயமா இருக்கு” என்றேன்.

“எனக்கும்தான்” என்றாள். “இன்னிக்கி சாயங்காலத்துலேருந்து.”

அவள் பக்கத்தில் வேரில் உட்கார்ந்தேன். நெல் வயலுக்கு அப்பால் சூரியன் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. இனி பறந்து போனாலும் வீட்டில் போய்ச் சாப்பிட முடியாது. இரண்டு பேரும் அது மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கை என் முழங்கால்மேல் இருந்தது. அது சூடாக இருந்தது.

கையிலிருந்த போன் அடித்தது. அம்மா.

“எங்கடா இருக்கீங்க? பொழுது போயிடுச்சே. தோசை ஊத்தி மூடி வெச்சேன், ரெண்டு பேரும் பட்டினிதானா இன்னிக்கி?”

“பட்டினிதாம்மா.”

“வண்டி ரிப்பேரா? அப்பவே சொன்னேன் அந்த எருமைய வாங்காதன்னு.”

“வண்டி நல்லாத்தான் இருக்கு.”

ஞானமதி என் சட்டையைப் பிடித்து இழுத்து, வேண்டாம் என்று கையசைத்தாள். வீட்டில் வந்து சொல்லலாம் என்று வாயை மட்டும் அசைத்தாள். நான் எழுந்து நின்றேன்.

“அம்மா, தர்மேஷுக்கு ஞானம் ஒரு கிட்னி குடுக்கப் போறா. பொருந்துதுன்னு சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை நான் போய்க் கையெழுத்துப் போடறேன். அவகிட்ட எதுவும் கேக்காத. கேக்கறதெல்லாம் எங்கிட்டக் கேளு.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

“அம்மா, கேக்குதா?” என்றேன்.