சாலோமியின் தலைவலி நோட்டு

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பொய் என்னுடையது, தலைவலி என் மனைவி சாலோமியுடையது. அவள் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை. நான் கதை எழுதுகிறவன், அதாவது வீட்டில் இருக்கிறவன்.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: 'தாமிரபரணியில் வெள்ளம் வடிந்த ஒரு காலையில் அவள் தலைக்குள் இடி—'

வேண்டாம். இந்தப் புத்திதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

2

நடந்தது இது. மாதத்தில் இருபது நாள் அவளுக்குத் தலைவலி. டாக்டர் சிராஜுதீன் ஒரு நோட்டுப் போடச் சொன்னார்.

"டீச்சர், இறுக்கத் தலைவலியா மைக்ரேனான்னு ஸ்கேன்ல தெரியாது. எங்கன வலிக்குது, எப்படி வலிக்குது, படி ஏறினா கூடுதா, குமட்டுதா, வெளிச்சம் பட்டா கண்ணு கூசுதா, எல்லாம் தினமும் எழுதுங்க. நீங்க சொல்லுததை வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்."

நாளெல்லாம் கரும்பலகையில் எழுதிவிட்டு வருகிறவள் வீட்டில் பேனாவைத் தொடமாட்டாள். அவள் சொல்ல, நான் எழுதினேன்.

அவள் சொன்னது: "ரெண்டு பக்கமும் இறுக்குது. நெத்தியைச் சுத்தித் துண்டை முறுக்கிக் கட்டினாப்ல."

நான் எழுதியது: 'இடது நெற்றிப்பொட்டில் விண் விண்ணென்று தெறித்தது.'

மறுநாளும் "இறுக்குது" என்றாள். அதற்கு அடுத்த நாளும். ஒரே சொல்லை எத்தனை நாள் எழுதுவது? (இது என் தொழில் வியாதி. ஒரு சொல் பக்கத்தில் இரண்டு தடவை வந்தால் எனக்குக் கை அரிக்கும்.) பதினோராம் நாள் குமட்டலைச் சேர்த்தேன். பதினைந்தாம் நாள் ஜன்னலைச் சாத்தி அவளை இருட்டில் படுக்கவைத்தேன். உண்மையில் அன்று அவள் உச்சி வெயிலில் மாடிப்படி ஏறி வடகம் காயப்போட்டாள்.

3

மாதக் கடைசியில் நோட்டோடு இருவரும் போனோம். டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு, "எல்லாம் நோட்டுல இருக்கு சார்" என்றாள் சாலோமி. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அவர் படித்துவிட்டு, "எவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்க!" என்றார். மைக்ரேனுக்கு மாத்திரை கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

ஆறு வாரம் ஆயிற்று. வலி அப்படியே. மாத்திரையின் மயக்கத்தில் வகுப்பு நடக்கும்போதே நாற்காலியில் தூங்கிப்போனாள். நேற்று சாயங்காலம் அடுக்களையில் நின்றுகொண்டு சொன்னாள்:

"ஏங்க, மைக்ரேன் மாத்திரைக்கே கேக்கலன்னா, தலைக்குள்ள வேற என்னமோ பெருசா இருக்கு. ஸ்டெபிக்கிட்ட சொல்ல வேண்டாம். பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும்."

ஸ்டெபி எங்கள் மகள். சாலோமி பயந்து நான் பார்த்ததே இல்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். காப்பி ஆறுது, குடி என்றேன்.

4

முடிவுகள்:

அ) கணவன் டாக்டரிடம் தனியாகப் போய் ஒப்புக்கொள்கிறான். (அவளுக்குத் தெரியாமல். அதாவது இன்னொரு பொய்.)

ஆ) ஆற்றுப்பாலத்தில் வரும்போது நோட்டு தண்ணீரில் விழுந்து— (சீ.)

இ)

5

வாசகரே, நான் எழுதும் எதையும் முதலில் படிப்பது சாலோமிதான், கையில் சிவப்புப் பேனாவோடு.

ஆகவே சாலோமி, ஊருக்குச் சொல்வதுபோல் இதுவரை சொன்னதெல்லாம் உனக்குத்தான். முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. மாத்திரை கேட்காததற்குப் பெரிதாக எதையும் நினைத்துப் பயப்படாதே. டாக்டர் உன் வலியை இன்னும் கேட்கவே இல்லை. அவர் படித்தது என் கதையை. வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை நமக்கு டோக்கன் ஒன்பது. பழைய பக்கங்களை நான் கிழிக்கவில்லை. குறுக்கே கோடு போட்டிருக்கிறேன். அவரும் பார்க்கட்டும். புதுப் பக்கத்தில் தேதி மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். இறுக்குது என்றால் இறுக்குது என்றே எழுது. முப்பது நாளும் அதையே எழுது.

என்னை என்ன செய்வதென்று நீ முடிவு செய்ததும், சிவப்புப் பேனாவாலேயே இங்கே எழுதிவிடு.

இ)