கம்பத்து ஆணியின் உயரம்

இன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. போகத் தெம்பில்லை.

அலாய் மலைக் கணவாய் ஒன்றில் பனி உருகியபோது மேய்ப்பர்கள் கண்டெடுத்த எலும்புகள் போன வாரம் நான் பகலில் பயிற்சி பெறும் பிணவறைக்கு வந்தன. தொடை எலும்பை அளவுப் பலகையில் வைத்து நான்தான் அளந்தேன். நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். சாய்த்து வைத்துவிட்டேனோ என்று மறுபடி வைத்தேன். இடது காலையும் அளந்தேன். கணக்குப்படி ஆள் நூற்று அறுபத்தைந்து சென்டிமீட்டர். நாலு கூடலாம், குறையலாம்.

அந்தக் கணவாயில் காணாமல்போன மேய்ப்பர் தாலாயின் உயரம், புகாரில் நூற்று எண்பத்திரண்டு. அவர் மனைவி ஜிபாரும் அவர் தம்பி எசெனும் இன்று வந்திருந்தார்கள்.

"நான்தான் சொன்னேனே, இது அவரு இல்லன்னு. எங்கயோ உசுரோட இருக்காரு," என்றாள் ஜிபார்.

"எங்க? ரஷ்யாவுலயா? இன்னொருத்தியக் கட்டிக்கிட்டா?" என்றான் எசென்.

"பத்துப் பேரக் கட்டட்டும்டா. மூச்சு இருந்தாப் போதும்."

பிணவறைப் பொறுப்பாளர் டாக்டர் புரூல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "பொருந்தலன்னு எழுதிடவா?" என்று என்னைக் கேட்டார். எழுதிவிட்டால் பெட்டி அலமாரிக்குப் போகும். மரபணுச் சோதனைக்குப் போகாது.

தவறு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் எலும்பு எவ்வளவு சாய்ந்தாலும் பதினேழு சென்டிமீட்டர் எப்படி வரும்?

"அவர் உயரத்த யாரு அளந்தாங்க அக்கா?"

"நாங்கதான். ஆட்டுக்கொட்டில் கம்பத்துல ஒரு ஆணி இருக்கு. அவரு நின்னா சரியா அத இடிப்பாரு. தரையிலேருந்து ஆணி வரைக்கும் நாடா புடிச்சோம்."

"இடிக்கிறது தலையா, கல்பாக் தொப்பியா?"

எசென் சிரித்துவிட்டான். "நல்லாக் கேட்ட போ! ஆம்பள வெறுந்தலையோட கொட்டிலுக்குப் போவானா? தொப்பி முனைதான்..."

சிரிப்பு பாதியில் நின்றது. தன் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி, அதன் கூம்பைப் பார்த்தான். முக்கால் சாண் இருக்கும்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உயரம் ஒத்துப்போனா அவருதான்னு ஆயிடாதும்மா. கூடப் பொறந்தவரோட ரத்தம் எடுத்து அனுப்பிப் பாக்கணும்."

எசென் சட்டைக் கையைச் சுருட்டினான். ஜிபார் அவனைப் பார்க்கவில்லை; என்னைப் பார்த்தாள்.

"பொண்ணே, நீ படிக்கிற புள்ளதானே? தப்பா அளந்திருப்ப."

எனக்கும் அப்படிச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு தடவை அளந்த எலும்பு அது.

"என் கண்ணு முன்னால அள."

டாக்டர் தலையசைத்தார். பலகையை மேசைக்குக் கொண்டுவந்தேன். எலும்பை அதில் வைத்தேன். அது உருளப் பார்த்தது. ஜிபார் சட்டென்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்து மூன்று என்று நான் சொன்ன பிறகும் விடவில்லை.