பெர்சிஸ் வைத்த விண்ணப்பம்

தலை வார சீப்பை எடுத்தாலே ஸ்டெபின் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொள்கிறான். ஆறு வயதுப் பையன். சீப்பு வாருவதற்கு வருகிறதா அடிப்பதற்கு வருகிறதா என்று அவனுக்கு நிச்சயமில்லை. அதைப் பார்க்கும்போது எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். அடுத்த நிமிடமே, பெற்றவளை இப்படி வெட்கப்பட வைக்கிறானே என்று கோபம் வரும். என் கோபத்துக்குக் காரணமா பஞ்சம்?

துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபிசில் வேலை. கன்டெய்னர் கேட்டில் நின்றுவிட்டால் லாரிக்காரர் ஏசுவார், சரக்குக்காரர் ஏசுவார், கடைசியாக முதலாளியும் ஏசுவார். அத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி வீட்டில் வந்து இறக்குவேன். பெரும்பாலும் ஸ்டெபின் முதுகில். வீட்டுக்காரர் ஜெஃப்ரி கப்பலில் இருக்கிறார். தடுக்க ஆளில்லை.

பக்கத்து சீட்டு விக்டோரியாதான் சொன்னாள்.

"ஏளா ஷீஜா, நீ ஃபோன வைக்கிற வேகத்துல மேசை ஒடஞ்சிரும் போல. ஸ்ரீவைகுண்டம் பக்கத்துல ஒரு தோட்டத்துல புத்த பிக்கு வந்து தியானம் சொல்லிக்குடுக்காராம். பிள்ளைகளையும் கூட்டிட்டு வரச் சொல்லுதாவ. போயிட்டு வா."

எங்கள் வேதக்கோவிலில் போதகரின் மனைவி ஐயரம்மாவிடம், சொந்தத்தில் கல்யாணம் என்று சொல்லிவைத்தேன். நாசரேத்தில் பிறந்த கிறிஸ்தவப் பெண் பிக்குவிடம் போகிறாள் என்று தெரிந்தால் எனக்காக உபவாசக் கூட்டமே போட்டுவிடுவார்கள்.

வாழைத் தோட்டத்து நடுவில் தகரக் கூரை போட்ட கூடம். மெட்ராஸ், கோயம்புத்தூர் என்று எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் வந்திருந்தன. அவர்களுடைய பிள்ளைகள் பாயில் சப்பணமிட்டு, சொன்னபடி உட்கார்ந்திருந்தார்கள். பிக்கு உள்ளே வந்ததும் என் ஒன்பது வயது மகள் பெர்சிஸ் துள்ளி எழுந்து, "ஸ்தோத்திரம் ஐயா!" என்றாள். அங்கி போட்டவர் யாரானாலும் அவளுக்குப் போதகர் ஐயாதான். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் கும்பிட்டார். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். நான் எங்கே மூச்சைக் கவனித்தேன்? மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் என் பிள்ளைகள் மானத்தை வாங்காமல் இருக்கிறார்களா என்றுதான் கவனித்தேன். ஸ்டெபின் நெளிந்தான். கோபம் குறைய வந்த இடத்தில், கண்ணை மூடியபடியே அவன் தொடையைக் கிள்ளினேன். கோவில் பெஞ்சில் பழகிய கை, இடம் தேடவில்லை. அவன் சத்தம் போடவில்லை. அதுவும் பழக்கம்தான்.

பிறகு வட்டமாக உட்காரவைத்தார் பிக்கு.

"மனசுல இருக்கறதைச் சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம். யாரும் பதில் பேச வேண்டாம், கேட்டா போதும்."

பெர்சிஸ் எழுந்தாள். அவள் எழுந்த விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. இதை ஜெப விண்ணப்ப நேரம் என்று நினைத்துவிட்டாள். சண்டே ஸ்கூலில் இப்படித்தான் எழுந்து நின்று, கையைக் குவித்து, கண்ணை மூடிச் சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் அவள் பாவாடையைப் பிடித்து இழுப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"அன்புள்ள ஆண்டவரே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். ஆபிஸ்ல யாரும் எங்கம்மாவ ஏசக் கூடாது ஆண்டவரே. ஏசுனா அம்மா தம்பிய அடிக்காங்க. தம்பி படுக்கையில ஒண்ணுக்குப் போறான். அதுக்கும் அடிக்காங்க. நான் விடியுமுன்ன துணிய அலசிப் போட்டுருதேன். அது அம்மாவுக்குத் தெரியாம பாத்துக்கிடும். இயேசுவின் மூலம் ஜெபம் கேளும் நல்ல பிதாவே."

முதலில் வந்தது வெட்கம் இல்லை. 'வீட்டுக்கு வா, இருக்கு உனக்கு' என்பதுதான் வந்தது. அதற்கப்புறம்தான், இதைக் கேட்டும் எனக்கு அதுதானே தோன்றியது என்று கூசிப்போனேன். துணி அலசுகிறாளாம். எனக்குத் தெரியவே தெரியாது.

கூடத்தில் ஒரு சத்தமில்லை. பதில் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே. பெர்சிஸ் கண்ணைத் திறக்கவில்லை. கூட்டம் ஆமென் சொல்லும் முன்னால் கண்ணைத் திறந்தால் கிள்ளு விழும் என்று பழக்கியவள் நான். இமைகள் துடிக்க நின்றுகொண்டே இருந்தாள். கோவிலில் எல்லோருக்கும் முந்தி ஆமென் சொல்லுகிற ஸ்டெபின், வாயைத் திறந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னது பொய் என்பதுபோல நானும் சும்மா இருந்துவிடலாம். நான் வாயைத் திறந்தால், அத்தனையும் உண்மை என்று ஆகிவிடும்.

"ஆமென்" என்றேன்.

பெர்சிஸ் கண்ணைத் திறந்து உட்கார்ந்தாள். ஸ்டெபினும் மெல்ல "ஆமென்" என்றான். எனக்குக் கண்ணீர் முட்டியது. துடைக்கக் கையைத் தூக்கினேன். அவன் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டான். இந்தத் தடவை கூடமே பார்த்தது.

முகத்தைத் துடைக்கவில்லை. அந்தக் கையை என் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.