உம் கொட்டுகிறவள்

ஸ்டூடியோ என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அது அக்கா வீட்டுத் துணி அலமாரி. சுவருக்குள் குடைந்து கட்டிய அலமாரி என்பதால், தொங்குகிற துணிகளை ஓரம் தள்ளினால் இரண்டு ஸ்டூல் போடலாம். உட்கார்ந்தால் முட்டியோடு முட்டி இடிக்கும். யாரோ தெருவில் தூக்கிப்போட்ட சோபாவின் பஞ்சைக் கிழித்து அக்காவும் தம்பியும் சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். கதவைச் சாத்தி, இரண்டு தலைகளுக்கும் மேலாக ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டால் தெருவில் போகிற பஸ் சத்தம்கூட உள்ளே வராது. மூச்சு முட்டும். அது வேறு விஷயம்.

மைக் ஒன்றுதான், அதுவும் பழைய சாமான் கடையில் பிடித்தது. மூச்சுக்காற்று மோதாமல் இருக்க அதற்குத் தம்பியின் ஒற்றை சாக்ஸை மாட்டியிருந்தார்கள். துவைத்த சாக்ஸ்தான் என்று அவன் சத்தியம் செய்தான். அக்கா நம்பவில்லை. இரண்டாவது மைக்குக்கு வக்கில்லாததால் தங்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். பேசுகிறவர் மைக் பக்கம் குனிய வேண்டும், மற்றவர் பின்னால் சாய வேண்டும். குறுக்கே பேச வேண்டுமென்றால் வாயைத் திறக்கக் கூடாது. எதிரில் இருப்பவரின் முட்டியில் ஒரு தட்டு. தட்டு விழுந்தால், சொல்லிக்கொண்டிருக்கிற வாக்கியத்தை முடித்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டியதுதான். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி, மேல்வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம்.

தம்பி வாஷிங்மெஷின் மெக்கானிக். வீடு வீடாகப் போய் மெஷினைக் கழற்றுகிறவன். ஃபில்டரில் சிக்கிக் கிடப்பவற்றைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது. மோதிரம், சாவி, பல்செட், பிரித்தே பார்க்காத காதல் கடிதம். இதையெல்லாம் ஊருக்குச் சொன்னால் என்ன என்று தொடங்கியதுதான் 'பாக்கெட்டைப் பாருங்க' பாட்காஸ்ட். அக்கா பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "எத்தனை நாளா வலி?" என்று கேட்டு எழுதுகிறவள். பாட்காஸ்டிலும் கேள்வி கேட்பது அவள் வேலை, கதை சொல்வது அவன் வேலை. மெஷினில் எந்தப் பாகம் என்றாலும் அவள் 'மோட்டார்' என்பாள். உடனே முட்டியில் தட்டு விழும். "அது மோட்டார் இல்லக்கா, ஃபில்டர். உனக்கு எல்லாமே மோட்டார்தான்!"

அக்காவிடம் ஒரே ஒரு வியாதி. உம் கொட்டுவாள். யார் எதைச் சொன்னாலும், அதுவும் தம்பி சொன்னால், வாய் தானாக "உம்... உம்..." என்று போகும். ஏழு வயது மூத்தவள். அவன் பேசப் பழகிய நாளிலிருந்து அவன் அளந்த அத்தனை கதைக்கும் உம் கொட்டியே வளர்த்தவள். ஒரே மைக் ஆச்சே, அந்த உம் எல்லாம் அவன் குரலோடு சேர்ந்தே பதிவாகிவிடும், பிறகு யார் வந்தாலும் பிரித்து எடுக்க முடியாது. "பின்னால யாரோ முனகிட்டே இருக்காங்களே, அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஒரு மகராசன் எழுதிக் கேட்டிருந்தான். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இனிமே நீ உம் கொட்டக் கூடாது."

"சரிடா, கொட்டல."

அடுத்த வாரம் அவள் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் பாதியில் நிறுத்தினான். "உம் கொட்டாதேன்னா உம்மணாமூஞ்சியா உக்காந்திருக்கே! பேச்சே வரமாட்டேங்குது. சும்மா எப்பவும் போல இரு." அத்தோடு அந்தச் சட்டம் ரத்தாகிவிட்டது.

உடம்பு சரியில்லாமல் இருந்தது யாருக்கு என்பதுதான் அப்போது ஒருவருக்கும் தெரியவில்லை.

பதிவு செய்ததை ஹெட்போன் போட்டுக் கேட்டு வெட்டி ஒட்டுவது அக்கா. தம்பியின் குரலில் ஒரு கரகரப்பு விழுந்ததை உலகத்திலேயே முதலில் கேட்டவள் அவள்தான். கேட்டுவிட்டு என்ன செய்தாள்? மைக்கைத் திட்டினாள். "சனியன் பிடிச்ச மைக், இழுத்துக்கிட்டுப் போகுது." வயரை மாற்றினாள். சாக்ஸைக் கழற்றி வேறு சாக்ஸ் மாட்டினாள். கரகரப்பு வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனது. நல்ல மைக் ஒன்றுக்காகக் கைச்செலவைக் குறைத்தாளே தவிர, எதிரில் முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிறவனிடம் "தொண்டை வலிக்குதாடா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தொண்டை டாக்டர், "குரல் எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டபோது தம்பி, "ஒரு மாசம் இருக்கும்" என்றான். அக்கா பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியும், ஐந்து மாதம். எந்த வாரம், எந்தக் கதை, எந்த நிமிஷம் என்றுகூட அவளால் சொல்ல முடியும். நாள் முழுக்க அடுத்தவரிடம் கேட்கிற கேள்வியை, சொந்தத் தம்பியிடம் கேட்கத் தோன்றாமல் போயிற்றே என்று ஆஸ்பத்திரிக் குழாயடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தொண்டையில் புற்று, குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் ஒரே போடாகப் போட்டார். உயிருக்கு அதுதான் நல்லது. பிறகு வேறு வழியில் பேசப் பழகலாம், மாதக்கணக்கில் ஆகும், ஆனால் இந்தக் குரல் வராது. ஆபரேஷன் வியாழக்கிழமை.

தம்பிக்கு எட்டு மாதப் பெண்குழந்தை இருந்தது. அப்பா என்று அது கூப்பிடப் போகிற நாளில் 'என்னம்மா' என்று பதில் சொல்ல அவனிடம் குரல் இருக்காது.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல மூன்று மணிக்கு வந்தான். "இது அவளுக்கு. அவ பெருசானப்புறம் கேக்கட்டும். என் குரல் மட்டும் சுத்தமா விழணும்க்கா. இந்த ஒரு தடவை..."

"உம் கொட்டமாட்டேன்டா. சத்தியமா."

ஃபிரிட்ஜை நிறுத்தினாள், அதன் இரைச்சலும் அவன் குரலில் கலக்கக் கூடாது. திரும்பப் போட மறந்து பாலைத் திரியவிட்ட அனுபவத்தால், எப்போதும் போல வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்தாள், வெளியே கிளம்பும்போது சாவிக்காகத் திறந்தால் நினைவு வந்துவிடும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக் கம்பளியைப் போர்த்தினார்கள். பதிவு செய்கிற போனில் சிவப்புப் புள்ளி எரிந்தது. அவள் துண்டின் நுனியைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

"என் அன்பு மகளுக்கு உன் அப்பா பேசுகிறேன்," என்று ஆரம்பித்தான். ரயில் வருகிற அறிவிப்பு மாதிரி இருந்தது. "நீ நன்றாகப் படிக்க வேண்டும். அம்மா சொல்வதைக் கேட்க வேண்டும். வாழ்க்கையில்..." நின்றுவிட்டான். வெந்நீர் குடித்தான். மறுபடி "வாழ்க்கையில்" என்றான். அதற்கு மேல் நகரவில்லை.

"அக்கா, நீ கேக்கறியா இல்லையா?"

துண்டை எடுத்தாள். "கேக்கறேன்டா."

"அப்ப ஏன் உம் கொட்டல?"

"நீதானேடா வேணாம்னே!"

"செவுத்துகிட்ட பேசற மாதிரி இருக்கு. எனக்கு வரமாட்டேங்குதுக்கா." அவன் குரல் உடைந்தது. "கொட்டித் தொலை. அவளுக்கு அத்தைதானே நீ, உன் சத்தமும் இருந்துட்டுப் போகட்டும்."

"உம்," என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அதற்கப்புறம் பாருங்கள், மடை திறந்துகொண்டது. "பாப்பா, உன்கிட்ட ஒரு உண்மைய சொல்லணும்டி. நீ பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரில நேரம், எடையெல்லாம் எழுதி உன் கையில ஒரு பட்டை கட்டியிருந்தாங்க."

"உம்."

"அத பத்திரமா வச்சுக்கிறேன்னு உங்கம்மாகிட்ட வாங்கிச் சட்டைப் பாக்கெட்ல போட்டேன்."

"உம்... அய்யய்யோ!"

"ஆமா. ஊருக்கெல்லாம் பாக்கெட்டைப் பாருங்க, பாக்கெட்டைப் பாருங்கன்னு கத்துறவன் நானு. சட்டையோட சேத்துத் துவைச்சுட்டேன்! எங்க வீட்டு ஃபில்டரை நானே கழட்டி எடுத்தேன். நேரம் போச்சு, எடை போச்சு, எங்க பேரெல்லாம் போச்சு. ஒரே ஒரு வார்த்தைதான் அழியாம இருந்துச்சு. 'பெண்'னு. அது போதும்னு எடுத்து வச்சிருக்கேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

நாற்பது நிமிஷம் பேசினான். இருமினான், சிரித்தான், குரல் அறுந்து அறுந்து ஒட்டியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவளுடைய உம் இருந்தது. சுத்தமான ஒரு நிமிஷம்கூட அதில் கிடையாது. அக்கா அதை வெட்டவே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு வாசல் மணி அடித்தது. தம்பி நின்றுகொண்டிருந்தான். கழுத்தில் துளை, அதை மறைத்து ஒரு சின்னத் துணி, கையில் நோட்டு. பாதியாக இளைத்திருந்தான்.

"வேண்டாம்டா. நீ இல்லாம நான் மட்டும் என்னத்தப் பேசறது?"

நோட்டில் எழுதிக் காட்டினான். 'நான் எழுதியிருக்கேன். நீ சொல்லு. ஃபிரிட்ஜை நிறுத்து.'

கம்பளியை இந்த முறை போர்த்தவில்லை. அவன் மூச்சு இப்போது கழுத்து வழியாக. கதவை மட்டும் சாத்தினாள். முட்டியோடு முட்டி இடித்தது. சிவப்புப் புள்ளி எரிந்தது. அக்கா மைக் பக்கம் குனிந்து அவன் எழுதியதைச் சொல்ல ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற அறையில் அவன் பார்த்த கதை. நோயாளிகளின் சட்டைப் பைகளிலிருந்து வந்த சாமான்களை அங்கே ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார்களாம். வாசிப்பதாகத் தெரியக் கூடாதே என்று நோட்டிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அந்த மெஷின் ஒரு ரூம் பெருசு இருக்குமாம். அதோட மோட்டாரைத் தொறந்து பாத்தா உள்ளே ஒரு மூக்குக்கண்ணாடி—"

முட்டியில் தட்டு விழுந்தது.

"—முழுசா இருந்துச்சாம்," என்று வாக்கியத்தை முடித்துவிட்டுப் பின்னால் சாய்ந்தாள். இரண்டு வருடப் பழக்கம். உடம்பு அதுவாக ஒதுங்கிவிட்டது. அவனும் அதே பழக்கத்தில் மைக் பக்கம் குனிந்து வாயைத் திறந்தான்.

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

கழுத்துத் துணி வழியாகக் காற்று மட்டும் உஸ்ஸென்று வந்தது. அவன் வாய் திறந்தபடியே இருந்தது. கண் நிறைந்துவிட்டது. அக்காவின் கை பதிவை நிறுத்தப் போனை நோக்கிப் போனது. பாதி வழியில் அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உம்," என்றாள்.

அவன் அவளையே பார்த்தான். பிறகு மெல்ல உதடு அசைந்தது. 'அது மோட்டார் இல்லக்கா.' அது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

"உம்."

அவன் மேலே பேசினான். அவன் உதடு வேகம் பிடித்தது, கை ஆடியது, இடையில் சிரிக்கவும் செய்தான். என்ன சொல்கிறான் என்று அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் பேசி முடிக்கிறவரை அவள் உம் கொட்டிக்கொண்டிருந்தாள்.